வெயில் காலத்துல நாயைப் பத்திரமா வச்சுக்கிறது எப்படி: முன்னேற்பாட்டுல இருந்து முதலுதவி வரைக்கும் முழு வழிகாட்டி

வெயில் ஏற ஆரம்பிச்சதும் நிறைய பேர் முதல்ல செய்யுறது ஒரு கூலிங் மேட் (நாய் மேல படுத்தா குளுமையா இருக்குற விரிப்பு) ஆர்டர் பண்றது, இல்லன்னா நாயைக் கூட்டிட்டுப் போய் மொட்டை அடிக்கிறது. முதல் வேலை வரிசையில கடைசியா வரவேண்டியது, ரெண்டாவது வேலை பல நாய்களுக்கு வரவே கூடாதது. முதல்ல நாயைப் பாருங்க, அப்புறம் அது இருக்குற இடம், அப்புறம் தண்ணி, அப்புறம் வெளிய போற நேரம், இந்த வரிசையில போனா முக்கால்வாசி வேலை வெயில் உச்சத்துக்கு வர்றதுக்குள்ளயே முடிஞ்சுடும்.

உங்க நாய் இப்பவே தள்ளாடிட்டு இருக்கு, இல்ல எழுந்திரிக்க மாட்டேங்குதுன்னா இதையெல்லாம் படிக்காதீங்க, நேரா 10-வது பகுதிக்குப் போங்க.

கையில இருக்க வேண்டியது

நாய்க்குன்னே தனியா ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர், கூடவே கொஞ்சம் வாசலின். நெத்திக்கு நேரா காட்டி அளக்குற தெர்மாமீட்டர் நாய்க்கு உதவாது, முடிக்கு மேல காட்டுற அளவை நம்பவே முடியாது. ஆசனவாய் வழியா எடுக்குறதுதான் சரியான அளவு.

அடி கனமான, தட்டிவிட்டா கவிழாத தண்ணிக் கிண்ணம் ரெண்டு. ஒரு வாளி, மக், முடிஞ்சா குழாயில மாட்டுற ஹோஸ். இடம் விட்டு இடம் தூக்கிட்டுப் போற ஃபேன் ஒண்ணு.

கால்நடை டாக்டரோட நம்பரை போன்ல சேவ் பண்ணி வைங்க, ராத்திரியும் லீவு நாள்லயும் திறந்திருக்குற இடம் எதுன்னு தனியா விசாரிச்சு அதையும் சேவ் பண்ணுங்க. பெரிய நாயா இருந்தா தூக்க யார் வருவாங்க, எந்த வண்டியில போறதுன்னும் இப்பவே பேசி வச்சுக்கோங்க, ஏன்னா 35 கிலோ நாய் மயங்கிக் கிடக்கும்போது ஒரு ஆளா தூக்க முடியாது, அப்ப ஆள் தேடுறதுல போற நேரம் திரும்பி வராது.

1. உங்க நாய்க்கு ஆபத்து எவ்வளவுன்னு கணக்குப் போடுங்க

நமக்கு உடம்பு பூரா வேர்க்கும், நாய்க்கு அப்படி இல்ல. பாதத்துக்கு அடியில கொஞ்சம் வேர்க்கும், அவ்வளவுதான், சூட்டைத் தணிக்க அது பத்தவே பத்தாது. வாயைத் திறந்து நாக்கைத் தொங்கப்போட்டு வேகமா மூச்சு வாங்குதே, அப்ப நாக்கு, வாய், மூக்குக்குள்ள இருக்குற ஈரம் ஆவியாகுது, அதுலதான் உடம்பு குளிருது. அதனால மூச்சுப் பாதையில எது குறுக்க வந்தாலும் அந்த நாய்க்கு வெயில் ஆபத்து.

முதல் வரிசையில நிக்கிறது மூக்கு சப்பையான இனங்கள்: பக், புல்டாக், ஃப்ரெஞ்ச் புல்டாக், பாக்ஸர், ஷீ ட்ஸு, பெகினீஸ். இதுங்க சாதாரண நாள்லயே குறட்டை விட்டுத்தான் மூச்சு விடும், அதை 'க்யூட்'டுன்னு வீடியோ எடுக்கிறவங்க வெயில் நாள்ல அந்தச் சத்தம் கூடுதான்னு கவனிக்கணும்.

அடுத்து குண்டான நாய், வயசான நாய், சின்னக் குட்டி, இதய நோய் இருக்குறது, ஏற்கனவே ஒரு தடவை ஹீட் ஸ்ட்ரோக் வந்தது. வயசான லேப்ரடார் மாதிரி பெரிய நாய்கள்ல குரல்வளை சரியா திறக்காத ஒரு பிரச்சனை வரும், குரைக்கிற சத்தம் கரகரன்னு மாறியிருந்தா கோடை வர்றதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட காட்டிடுங்க. நீர் பிரியுறதுக்கு மாத்திரை சாப்பிடுற நாயா இருந்தாலும் வெயிலுக்கு என்ன பண்றதுன்னு ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க, நீங்களா டோஸைக் குறைக்காதீங்க.

இன்னொண்ணு, போன்ல காட்டுற டிகிரியை மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீங்க. காத்துல ஈரப்பதம் அதிகமா இருந்தா நாக்குல இருக்குற ஈரம் சட்டுன்னு ஆவியாகாது, நாய் எவ்வளவு மூச்சு வாங்கினாலும் சூடு இறங்காது. மேகம் மூடிப் புழுங்குற நாள் 'இன்னைக்கு வெயிலே இல்லையே'ன்னு நினைக்க வைக்கும், புதுசா வளர்க்குறவங்க ஏமாறுறது அந்த மாதிரி நாள்லதான்.

2. நல்லா இருக்கும்போதே நார்மல் அளவை எடுத்து வைங்க

நாயோட சாதாரண உடம்புச் சூடு 38.3-ல இருந்து 39.2 டிகிரி செல்சியஸ், அதாவது 101-ல இருந்து 102.5 ஃபாரன்ஹீட். நம்மளைவிட அதிகம், அதனாலதான் காதைத் தொட்டுப் பார்த்துட்டு 'காய்ச்சல் அடிக்குது'ன்னு சொல்றவங்க பாதி நேரம் தப்பாச் சொல்றாங்க.

குளுமையான ஒரு காலை நேரமாப் பார்த்து, நாய் படுத்து ஓய்வா இருக்கும்போது தெர்மாமீட்டர் முனையில வாசலின் தடவி 2 சென்டிமீட்டர் அளவுக்கு மெதுவா உள்ள விட்டு எடுத்துப் பழகுங்க. அவசரத்துல முதல் தடவையா செஞ்சா நாயும் மிரளும் உங்களுக்கும் கை நடுங்கும்.

அப்படியே உதட்டைத் தூக்கி ஈறு என்ன கலர்னு பாருங்க, பெரும்பாலும் ரோஸா இருக்கும், விரலால அழுத்தி விட்டா வெளுத்துப் போன இடம் 2 செகண்டுக்குள்ள பழைய கலருக்கு வந்துடணும். ஈறு கருப்பா இருக்குற நாயா இருந்தா கீழ் இமையை லேசா இறக்கி உள்பக்கம் பாருங்க. தூங்கும்போது நிமிஷத்துக்கு எத்தனை மூச்சுன்னும் எண்ணி வைங்க, பொதுவா 30-க்குள்ள இருக்கும். இந்த அளவெல்லாம் உங்க நாய்க்கு என்னன்னு தெரிஞ்சாத்தான் பின்னாடி ஏதாவது மாறும்போது கண்ணுல படும்.

3. நாய் இருக்குற இடத்தை மதியம் போய்ப் பாருங்க

காலைல 8 மணிக்கு நல்ல நிழலா இருந்த இடம் மதியம் 2 மணிக்கு முழு வெயிலா மாறியிருக்கும். கட்டிப்போட்ட நாய்க்கு நிழல் நகர்ந்தா கூடவே நகர வழியில்ல, தண்ணிக் கிண்ணத்தைத் தட்டிவிட்டுட்டா அதுவும் போச்சு. அதனால மதியம் 12 மணிக்கு ஒரு தடவை, 3 மணிக்கு ஒரு தடவை நீங்களே அங்க போய் 10 நிமிஷம் உட்கார்ந்து பாருங்க. உங்களால முடியலைன்னா நாயாலயும் முடியாது. வெயில் நேரத்துல கட்டிப்போடாம இருக்குறதுதான் நல்லது.

தகரக் கூரை போட்ட கூண்டு நிழல் மாதிரி தெரியும், ஆனா கூரை வாங்குற சூடு பூரா உள்ளதான் இறங்கும். பின்பக்கம் காத்து போக வழியில்லாத மரக்கூண்டும் அப்படித்தான். கூண்டு வேணும்னா கூரைக்கு மேல இன்னொரு மறைப்பு கட்டி நடுவுல காத்து போக இடம் விடுங்க, ரெண்டு எதிரெதிர் பக்கமும் திறப்பு வைங்க. எதுவா இருந்தாலும் உச்சி வெயில்ல வீட்டுக்குள்ள, தரை குளுமையா இருக்குற ஒரு ரூம்தான் சரி.

ஃபேன் பத்தி ஒரு விஷயம். வேர்க்காத உடம்புல காத்து பட்டா நமக்குக் கிடைக்கிற குளுமை நாய்க்குக் கிடைக்காது. வயிறு, தொடை இடுக்கு, பாதம் எல்லாம் ஈரத்துணியால நனைச்சுட்டு அப்புறம் ஃபேன் போட்டா நல்லா வேலை செய்யும். ஏசி ரூம்ல விட்டுட்டு வெளிய போறீங்கன்னா கரண்ட் போனா அந்த ரூம் என்ன ஆகும்னு யோசிங்க, ஜன்னலும் கதவும் அடைச்ச சின்ன ரூம் சீக்கிரமே புழுங்க ஆரம்பிச்சுடும். கதவைத் திறந்து வச்சு நாய் வேற இடத்துக்குப் போக வழி விடுங்க.

கூலிங் மேட் வாங்குறது இதெல்லாம் முடிஞ்ச அப்புறம். கடிக்கிற பழக்கம் இருந்தா ஜெல் உள்ள மேட் வேண்டாம், கிழிச்சு சாப்பிட்டுடும்.

4. தண்ணி

சாதாரண நாள்ல ஒரு நாய்க்கு கிலோவுக்கு 50-ல இருந்து 60 மில்லி தண்ணி வேணும்னு வச்சுக்கோங்க. 10 கிலோ நாய்க்கு அரை லிட்டருக்கு மேல. வெயில்ல இதைவிடக் கூடும், உலர் தீவனம் மட்டும் சாப்பிடுற நாய்க்கு இன்னும் கூடும்.

ஒரே இடத்துல பெரிய பாத்திரம் வைக்கிறதைவிட ரெண்டு மூணு இடத்துல வைங்க. ஸ்டீல் பாத்திரம் வெயில்ல இருந்தா தண்ணி கொதிச்சுப் போய் நாய் வாயே வைக்காது, நிழல்ல மட்டும் வைங்க. காலைல ஊத்தினது போதும்னு விடாம மதியமும் சாயங்காலமும் மாத்துங்க, எச்சில் பிசுபிசுன்னு ஒட்டின கிண்ணத்தை கழுவாம மேல மேல ஊத்துறது வேலைக்கு ஆகாது.

ஐஸ் போட்டா ஆபத்துன்னு ஒரு பேச்சு சுத்திட்டே இருக்கு. தண்ணியில ரெண்டு ஐஸ் கட்டி போடுறதுல தப்பில்ல. ஓடிட்டு வந்த நாய் மூச்சு வாங்கிட்டே கிண்ணம் பூரா ஒரே மூச்சுல குடிச்சா வாந்தி எடுக்கும், அதனால கொஞ்சம் கொஞ்சமா குடுங்க. மனுஷங்க குடிக்கிற எனர்ஜி டிரிங்க் எல்லாம் வேண்டாம், சர்க்கரையும் வேற என்னென்னமோவும் இருக்கும், பச்சைத் தண்ணியே போதும்.

சாப்பாட்டை அதிகாலையிலயும் இருட்டுனதுக்கு அப்புறமும் மாத்துங்க. வெயில்ல நாய் கொஞ்சம் கம்மியா சாப்பிடுறது சகஜம், ஆனா தண்ணியும் குடிக்காம சாப்பாடும் தொடாம ஒரு நாள் ஓடிடுச்சுன்னா அது வெயில் மட்டும் இல்ல. உண்ணி அதிகமாகுற காலமும் இதுதான், உண்ணிக் காய்ச்சலை 'வெயில்ல சோர்ந்து போச்சு'ன்னு நினைச்சு விட்டுடுறவங்க நிறைய பேர்.

5. முடியை மொட்டை அடிக்காதீங்க

ஹஸ்கி, கோல்டன் ரிட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்ட், பொமரேனியன் மாதிரி ரெண்டு அடுக்கு முடி இருக்குற நாய்க்கு மேல் முடி வெயிலை நேரா தோல்ல விழாம தடுக்குது. மழிச்சுட்டா தோல் வெந்துபோகும், சில நாய்க்கு முடி திரும்பி ஒழுங்கா முளைக்கவும் செய்யாது.

பண்ண வேண்டியது சீவுறது. உதிர்ந்து உள்ளேயே சிக்கிக் கிடக்குற அடிமுடியை எடுத்தா காத்து தோல் வரைக்கும் போகும். அடிமுடி சீவுறதுக்குன்னு இருக்குற சீப்பு வாங்கி வாரத்துல ரெண்டு மூணு நாள் சீவுங்க. தொடர்ந்து வளர்ற ஒற்றை அடுக்கு முடி இருக்குற நாய்க்கு கொஞ்சம் குட்டையா வெட்டலாம், தோல் தெரியுற அளவுக்கு வேண்டாம். குளிப்பாட்டினா சிக்கு இல்லாம உலர்த்துங்க, சிக்குக்குள்ள ஈரம் தங்கினா தோல் புண்ணாகி நாறும்.

6. வாக்கிங் நேரத்தை மாத்துங்க, தரையைத் தொட்டுப் பாருங்க

சூரியன் வர்றதுக்கு முன்னாடி போறதுதான் நல்லது. சாயங்காலம் 6 மணிக்கு காத்து குளுமையா இருக்கும், ஆனா பகல் பூரா வாங்குன சூட்டை ரோடும் சிமென்ட் தரையும் அப்பவும் விட்டுட்டே இருக்கும். காத்து 30 டிகிரி இருக்குற நாள்ல நேரா வெயில் படுற தார் ரோடு 50 டிகிரியைத் தாண்டும், அந்தத் தரையில ஒரு நிமிஷம் நின்னாலே பாதம் கொப்பளிக்க வாய்ப்பிருக்கு.

சோதிக்க ஒரே வழி, புறங்கையைத் தரையில 7 செகண்ட் வச்சுப் பாருங்க. வைக்க முடியலையா, வீட்டுக்குத் திரும்புங்க. செருப்பு போட்ட காலோட நடந்து பார்த்துட்டு 'சூடு இல்ல'ன்னு முடிவு பண்றதுதான் இங்க நடக்குற பெரிய தப்பு. குட்டைக் கால் நாய்க்கு வயிறு தரைக்குப் பக்கத்துல இருக்குறதால மேல வெயில் இல்லாட்டியும் கீழ இருந்து சூடு ஏறும்.

வாயை இறுக்கி மூடுற துணி வாய்க்கூடு வெயில் நாள்ல போடவே போடாதீங்க, மூச்சு வாங்க முடியாத நாய்க்கு குளிர்றதுக்கு வேற வழியே இல்ல. கட்டாயம் போட்டாகணும்னா வாயைத் திறந்து நாக்கை நீட்டுற அளவுக்கு இடம் இருக்குற கம்பிக்கூடு மாதிரி வகையைப் பாருங்க. கழுத்துப் பட்டையை இழுத்துட்டே போற நாயா இருந்தா நெஞ்சுப் பட்டைக்கு மாத்துங்க.

7. பந்து விளையாட்டை நீங்கதான் நிறுத்தணும்

ஹீட் ஸ்ட்ரோக்னாலே எல்லாருக்கும் கார்தான் ஞாபகம் வருது. ஆனா பிரிட்டன்ல ராயல் வெட்டரினரி காலேஜ் ஆளுங்களும் சேர்ந்து 2020-ல வெளியிட்ட ஆய்வுல, வெப்பத்தால பாதிக்கப்பட்ட நாய்கள்ல முக்கால்வாசிக்குக் காரணம் ஓட்டம், நடை, விளையாட்டுன்னு வந்துச்சு, கார் ரொம்பப் பின்னாடி.

காரணம் லேசானது. ஓடும்போது தசையே சூட்டை உண்டாக்குது, வெளிய தள்ளுற வேகத்தைவிட உள்ள உண்டாகுற வேகம் அதிகம். பந்துன்னா உயிரை விடுற நாய் களைச்சுப் போனாலும் நிறுத்தாது, நீங்க எறியுற வரைக்கும் அது ஓடும். 'வேணாம்னா அதுவே படுத்துக்கும்'ங்கிறதை நம்பாதீங்க. நாக்கு நுனி அகலமா விரிஞ்சு வழக்கத்தைவிட நீளமா தொங்குதா, கூப்பிட்டா திரும்புறதுக்கு லேட் ஆகுதா, நிழல் பார்த்து ஒதுங்குதா, அங்கேயே பந்தைப் பாக்கெட்டுல போட்டுடுங்க.

கோடையோட முதல் சில வாரம் இன்னும் கவனம். உடம்பு வெயிலுக்குப் பழக வாரக்கணக்குல ஆகும். போன மாசம் அரை மணி நேரம் ஓடின நாய்தானேன்னு திடீர்னு சூடான ஒரு நாள்ல அதே அளவு ஓட விடாதீங்க. சைக்கிள் இல்ல பைக் பக்கத்துல ஓட விடுற பழக்கம் இருந்தா வெயில் காலத்துல அதை முழுசா விட்டுடுங்க.

8. கார்ல ஒரு நிமிஷம்கூட தனியா விடாதீங்க

வெளிய 24 டிகிரி, இதமான நாள்தான். நிறுத்தின காருக்குள்ள 10 நிமிஷத்துல ஏறக்குறைய 10 டிகிரி ஏறிடும், ஒரு மணி நேரத்துல 20 டிகிரிக்கு மேல. ஜன்னலை ரெண்டு விரக்கடை இறக்கி விட்டாலும் பெருசா வித்தியாசம் வராது. நிழல்ல நிறுத்தினாலும் நிழல் நகரும். ஏசி ஓடட்டும்னு விட்டுட்டுப் போனா எஞ்சின் நின்னு போகலாம், நாயோட கால் பட்டு ஸ்விட்ச்சு மாறலாம். நாய் இறங்க முடியாத இடத்துக்குப் போறீங்கன்னா அதை வீட்டுலயே விட்டுட்டுப் போங்க.

9. எப்ப பயப்படணும்

முதல்ல வர்றது நிக்காத மூச்சிரைப்பு. நிழலுக்கு வந்து 5 நிமிஷம் ஆகியும் குறையலைன்னா, எச்சில் கெட்டியா இழை இழையா தொங்குதுன்னா, ஈறு கருஞ்சிவப்பா இருந்தா, நாய் நிலையா படுக்காம தவிச்சா, இந்தக் கட்டத்துலயே குளிர வைக்க ஆரம்பிச்சுடுங்க.

தள்ளாட்டம், வாந்தி, ரத்தம் கலந்த பேதி, கூப்பிட்டா புரியாத மாதிரி பார்க்குறது, ஈறு வெளுத்தோ நீலமாவோ போறது, வலிப்பு, மயக்கம், இதெல்லாம் ஹீட் ஸ்ட்ரோக். உடம்புச் சூடு 41 டிகிரி தாண்டினா உறுப்புகள் கெட ஆரம்பிக்கும். ஆனா தெர்மாமீட்டர்ல அந்த நம்பர் வரட்டும்னு காத்திருக்காதீங்க, வெயில்லயோ ஓட்டத்துலயோ இருந்த நாய் தள்ளாடினாலே போதும்.

10. முதலுதவி: முதல்ல குளிர வைங்க, அப்புறம் கிளம்புங்க

இந்த வரிசையை மாத்திடாதீங்க. பதறிப் போய் நாயை அப்படியே வண்டியில போட்டுட்டு ஓடுறாங்க, வழி பூரா அதோட சூடு ஏறிட்டே போகுது. உறுப்பு கெடுறது எவ்வளவு நேரம் சூடா இருந்துச்சுங்கிறதைப் பொறுத்தது, அதனால தண்ணி கையில இருக்குற இடத்துலயே வேலையை ஆரம்பிங்க. இன்னொருத்தர் இருந்தா அவரை டாக்டருக்கு போன் பண்ணச் சொல்லுங்க.

நிழலுக்குக் கொண்டு வந்து கழுத்துப் பட்டை, நெஞ்சுப் பட்டை, வாய்க்கூடு எல்லாத்தையும் கழட்டுங்க. நல்ல வயசு, மத்தபடி ஆரோக்கியமான, நினைவோட இருக்குற நாயா இருந்தா தொட்டித் தண்ணியில கழுத்து வரைக்கும் இறக்கலாம், தலையைப் பிடிச்சு மூக்கு மேலேயே இருக்குற மாதிரி பார்த்துக்கோங்க. வயசான நாய், சப்பை மூக்கு, நோய் இருக்குறது, நினைவில்லாததுன்னா தொட்டி வேண்டாம், உடம்பு முழுக்க தண்ணி ஊத்திட்டே இருங்க, கூடவே ஃபேன் போடுங்க, இல்லன்னா அட்டையால வீசுங்க. முடி அடர்த்தியா இருந்தா விரலை விட்டுக் கலைச்சு தோல்ல தண்ணி படணும், வயித்துப் பக்கமும் மறக்காதீங்க.

வெதுவெதுப்பான தண்ணிதான் ஊத்தணும், குளிர்ந்த தண்ணி ரத்தக் குழாயைச் சுருக்கிடும்னு பழைய அறிவுரை ஒண்ணு இருக்கு. இப்ப அதை மாத்திட்டாங்க. நாய் உடம்பைவிடக் குளுமையான எந்தத் தண்ணியும் உதவும், கிடைக்கிறதை ஊத்துங்க. ஹோஸ் வெயில்ல கிடந்துச்சுன்னா மட்டும் உள்ள இருக்குற சுடுதண்ணியை முதல்ல கீழ விட்டுட்டு அப்புறம் நாய்மேல பிடிங்க.

ஈரத் துண்டைப் போத்தி விடாதீங்க. கொஞ்ச நேரத்துல துண்டு சூடாகி உடம்புச் சூட்டை உள்ளயே அடைச்சுடும். வாய்க்குள்ள தண்ணியை ஊத்தாதீங்க, நுரையீரலுக்குப் போயிடும், தானா குடிச்சா குடிக்கட்டும். பாராசிட்டமால், ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் எதுவும் குடுக்கக் கூடாது. இது காய்ச்சல் இல்ல, மாத்திரையால இறங்காது, போதாக்குறைக்கு அந்த மருந்துங்க நாய்க்கு விஷமா மாறும். பாதத்துல ஸ்பிரிட் தடவுறதும் வேண்டாம்.

ரெண்டு மூணு நிமிஷத்துக்கு ஒரு தடவை டெம்பரேச்சர் பாருங்க. 39.4 டிகிரிக்கு, அதாவது 103 ஃபாரன்ஹீட்டுக்கு வந்ததும் தண்ணி ஊத்துறதை நிறுத்திடுங்க, அதுக்கப்புறமும் தானா இன்னும் கொஞ்சம் இறங்கும், நீங்க ஊத்திட்டே இருந்தா ரொம்பக் கீழ போயிடும். தெர்மாமீட்டர் இல்லைன்னா மூச்சு நிதானமாகுற வரைக்கும் ஊத்துங்க, நடுங்க ஆரம்பிச்சா நிறுத்துங்க.

5-ல இருந்து 10 நிமிஷம் நல்லா குளிர வச்சதும் கிளம்பிடுங்க. நாயைத் துவட்டாம ஈரத்தோடவே ஏத்தி ஏசியை முழுசா வைங்க, இல்லன்னா எல்லா ஜன்னலையும் இறக்கி விடுங்க, ஈர உடம்புல காத்து பட்டா போற வழியிலயும் குளிர்ந்துட்டே வரும்.

11. தேறிட்டாலும் டாக்டர்கிட்ட காட்டுங்க

தண்ணி ஊத்தினதும் எழுந்து வாலை ஆட்டுது, சரியாயிடுச்சுன்னு வீட்டுலயே இருந்துடுறாங்க. கிட்னி, கல்லீரல், குடல், ரத்தம் உறையுற தன்மை இதுல வர்ற கோளாறு ஒண்ணுல இருந்து மூணு நாள் கழிச்சுக்கூட வெளிய தெரியும். அதனால அன்னைக்கே போய் ரத்தப் பரிசோதனை வேணுமான்னு கேளுங்க. அடுத்த சில நாளைக்கு சிறுநீர் கருத்து வருதா, மலத்துல ரத்தம் இருக்கா, ஈறுலயோ வயித்துத் தோல்லயோ சின்னச் சின்னதா சிவப்புப் புள்ளி வருதான்னு பாருங்க, எது இருந்தாலும் உடனே திரும்பக் கூட்டிட்டுப் போகணும்.

டாக்டர்கிட்ட சொல்றதுக்கு நாலு விஷயத்தை போன்ல குறிச்சு வச்சுக்கோங்க: எப்ப கவனிச்சீங்க, அதுக்கு முன்னாடி நாய் என்ன பண்ணிட்டு இருந்துச்சு, முதல்ல பார்த்த டெம்பரேச்சர் எவ்வளவு, எத்தனை நிமிஷம் தண்ணி ஊத்தினீங்க. நீங்க போய்ச் சேரும்போது சூடு இறங்கி நார்மலா காட்டும், முதல்ல எவ்வளவு ஏறி இருந்துச்சுன்னு நீங்க சொன்னாத்தான் அவங்களுக்குத் தெரியும்.